24 வருஷம் ஆண்டவரை எந்தத் தராசில் வைப்பது? (ஒடிசா தேர்தல் இழை)

புவனேஸ்வர்வாசி | 11 மே 2024, இரவு 9.42

மே 25 எனக்கு ஓட்டு. இந்த ஊருக்கு வந்து 14 வருஷம் ஆகிறது. வாக்காளர் அட்டையை இங்கே மாற்றிய பிறகு இது இரண்டாவது தேர்தல். சட்டமன்றத்துக்கு ஒரு பொத்தான், மக்களவைக்கு ஒரு பொத்தான். மக்களவைக்கு யார் என்று முடிவாகிவிட்டது, அதை இங்கே இழுக்க வேண்டாம். சட்டமன்றம்தான் குடைகிறது.

நவீன் பட்நாயக் முதல்வர் ஆனது 2000 மார்ச் 5. அன்றைக்கு நான் டிப்ளமா மாணவன். இடையில் வேலை, கல்யாணம், பிள்ளைகள், முடி நரைத்தது எல்லாம் ஆகிவிட்டது. அவர் அதே வெள்ளைக் குர்தாவில் அதே நாற்காலியில் இருக்கிறார். இந்த முறையும் ஜெயித்தால் ஆகஸ்டில் சிக்கிமின் பவன் சாம்லிங்கைத் தாண்டி, நாட்டிலேயே அதிக காலம் முதல்வராக இருந்தவர் ஆகிவிடுவார்.

ஆபீஸில் தினமும் மதியச் சாப்பாட்டில் இதே பேச்சு. ஒருத்தர் "புயலில் யார் காப்பாற்றினார்" என்பார். எதிரில் இருப்பவர் "24 வருஷம் கழித்தும் என் ஊர்ப் பையன் ஏன் சூரத்துக்கு ரயிலேறுகிறான்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் நிஜம். அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

நம் ஊரில் எனக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை. 1984-க்கும் 2016-க்கும் நடுவில் தமிழ்நாட்டில் ஆளுங்கட்சி ஒருமுறைகூட மறுபடி ஜெயிக்கவில்லை. அஞ்சு வருஷம் பார்த்தோமா, பிடிக்கவில்லையா, மாற்றிப் போட்டோமா, முடிந்தது. 24 வருஷக் கணக்கை எதோடு வைத்துப் பார்ப்பது? 1999-ல் இருந்த ஒடிசாவோடா, பக்கத்து ஜார்கண்ட் சத்தீஸ்கரோடா, நம் ஊரோடா?

நவீனின் வலது கையாக இருக்கிற தமிழர், முன்னாள் ஐஏஎஸ் பாண்டியன் விஷயத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பேசுவோம், கெஞ்சிக் கேட்கிறேன்.

மேலூர்_மைனர் | 11 மே, இரவு 10.05

தள்ளிவைக்க முடியாது பாஸ். எங்க ஊர்ப் பக்கத்துப் பையன் ஒரு மாநிலத்தையே நடத்துறான். அதுக்கே ஒரு ஓட்டு போடலாம் 😄

பாரதீப்_மாமா | 12 மே, காலை 7.18

தம்பி, 1999 அக்டோபர் 29 அன்று நான் பாரதீப்பில் இருந்தேன். துறைமுகக் குத்தகை வேலை. காற்று 260 கிலோமீட்டர் என்று பிறகுதான் படித்தோம். அப்போது தெரிந்ததெல்லாம் சத்தம் மட்டும்தான். ரயில் எஞ்சின் வீட்டுக்குள் வந்து நிற்கிற மாதிரி ஒரு சத்தம், விடாமல். மூன்றாம் நாள் வெளியே வந்தோம். எரசமா பக்கம் அரிசி மூட்டை ஏற்றிப்போன லாரிக்காரர்கள் திரும்பி வந்து இரண்டு நாள் சோறு தொடவில்லை. என்ன பார்த்தீர்கள் என்று நாங்களும் கேட்கவில்லை. அரசுக் கணக்கில் கிட்டத்தட்ட 10,000 பேர்.

அந்த ஒரே வருஷத்தில் ஒடிசாவுக்கு மூன்று முதல்வர்கள். ஜே.பி. பட்நாயக், கிரிதர் கமாங், ஹேமானந்த பிஸ்வால். புயல் அடித்தபோது நாற்காலியில் இருந்தவர் கமாங்; டிசம்பரில் அவரும் போனார்.

பிறகு 2013-ல் பைலின். கோபால்பூரில் கரை கடந்தது. நான் அப்போதும் பாரதீப்பில்தான். நான்கு நாள் முன்பே சர்பஞ்ச் (ஊராட்சித் தலைவர்) மைக் பிடித்துக்கொண்டு சுற்றுகிறார், புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் அடுப்பு மூட்டியாகிவிட்டது, மாட்டைக்கூட மேட்டுக்கு ஓட்டிப்போகிறார்கள். கிட்டத்தட்ட 10 லட்சம் பேரை நகர்த்தினார்கள். சாவு இரண்டு இலக்கத்தைத் தாண்டவில்லை. 2019 ஃபானிக்கு 12 லட்சம் பேர். 64 பேர் இறந்தார்கள்.

10,000 எங்கே, 64 எங்கே? எனக்கு இந்த ஒரு கணக்கு போதும். மற்றவர்கள் மற்றதைப் பேசிக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை | 12 மே, காலை 11.30

மாமாவுக்கு வணக்கம். ஒரு சின்னத் திருத்தம் மட்டும். ஒடிசாவின் பேரிடர் ஆணையத்தை அமைத்தது 1999 டிசம்பர் 28-ல். அதாவது நவீன் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, பிஸ்வால் காலத்தில், காங்கிரஸ் ஆட்சியில். நாட்டில் முதல் மாநிலப் பேரிடர் ஆணையம் அதுதான். பெயர் வேறொருவருக்குப் போய்விட்டது.

பாரதீப்_மாமா | 12 மே, பகல் 12.02

சரிதான் சார், மறுக்கவில்லை. ஆனால் ஆணையம் அமைப்பது ஒரு கோப்பில் ஒரு கையெழுத்து. புயல் வராத வருஷங்களிலும் அதற்குப் பணம் ஒதுக்கி, ஆள் போட்டு, ஊர் ஊராய் ஒத்திகை நடத்தி 20 வருஷம் உயிரோடு வைத்திருந்தது யார்? நாமும் 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனை குழு போட்டோம். எத்தனை ஊரில் இன்றைக்கு ஒத்திகை நடக்கிறது?

கணக்குப்பிள்ளை | 12 மே, இரவு 8.50

ஏற்றுக்கொள்கிறேன். இனி என் பங்கு. கொஞ்சம் நீளும்.

2000 வாக்கில் ஒடிசா கஜானா திவால் நிலையில் இருந்தது. கடன் மாநில உற்பத்தியில் பாதி அளவுக்குப் போயிருந்தது. சம்பளம், பென்ஷன், வட்டி கொடுத்தால் மிச்சம் ஒன்றுமில்லை. 2005-06 முதல் வருவாய்க் கணக்கு உபரியில் நிற்கிறது. கடன் 20 சதவீதத்துக்குக் கீழே. பெரிய மாநிலங்களில் இப்படி ஒழுங்காகக் கணக்கு வைத்திருப்பது அபூர்வம். தமிழ்நாட்டுக்காரனாக இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

ஆனால் இதில் சுரங்கம் எவ்வளவு என்று பாருங்கள். 2016-17-ல் கனிம வருவாய் சுமார் 4,900 கோடி. 2021-22-ல் கிட்டத்தட்ட 50,000 கோடி. ஐந்தே வருஷத்தில் பத்து மடங்கு. ஒடிசா திடீரென்று பத்து மடங்கு தோண்டிவிடவில்லை. 2015-ல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தி, குத்தகைகளை ஏலத்தில்தான் விட வேண்டும் என்றது. பழைய குத்தகைகள் 2020-ல் முடிந்து ஏலத்துக்கு வந்தன. இரும்புத்தாது விலையும் ஏறியது. அப்படியானால் 2020-க்கு முன்பு அந்த மலைகள் யாருக்கு லாபம் கொடுத்துக்கொண்டிருந்தன? நீதிபதி ஷா ஆணையம் சட்டவிரோதச் சுரங்கம் பற்றி எழுதியதும், 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அனுமதிக்கு மேல் தோண்டியதன் முழு மதிப்பையும் கட்டு என்றதும் இதே ஆட்சியின் நடுவில்தான். கஜானாவைப் பூட்டி வைத்தவர் நல்ல காவல்காரர்தான். கொல்லைப்புறத்தில் வண்டி வண்டியாய்ப் போனது அவருக்குத் தெரியாதா என்பதுதான் கேள்வி.

வறுமைக்கு வருகிறேன். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் 2015-16-ல் ஒடிசா 29.34 சதவீதம், 2019-21-ல் 15.68. அகில இந்திய சராசரி 14.96. ஜார்கண்ட் 28.81, பீகார் 33.76, மத்தியப் பிரதேசம் 20.63. இந்த மூன்றோடு பார்த்தால் ஒடிசா ஜெயிக்கிறது. ஆனால் சத்தீஸ்கர் 16.37, ஏறக்குறைய இதே அளவு. அங்கே ஒரே கட்சி 24 வருஷம் ஆளவில்லை.

இன்னொரு எண். பிறந்த குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பது, ஆயிரத்துக்கு: 2000-ல் ஒடிசா 95, 2020-ல் 36. பெரிய இறக்கம், சந்தேகமில்லை. ஆனால் அதே 2020-ல் பீகார் 27, ஜார்கண்ட் 25. வறுமையில் பீகாரை அவ்வளவு தூரம் முந்திய மாநிலம் கைக்குழந்தை விஷயத்தில் பீகாருக்குப் பின்னால் நிற்கிறது. ஏன்? பணம் இருக்கிறது, உபரி இருக்கிறது, ஆள் இல்லை. டாக்டர் போகாத மருத்துவமனைக் கட்டடம் பட்ஜெட்டில் அழகாகத்தான் தெரியும்.

மேலூர்_மைனர் | 12 மே, இரவு 9.15

சார் இவ்ளோ நம்பர் போட்டா தலை சுத்துது. மொத்தத்துல பாஸா ஃபெயிலா?

கணக்குப்பிள்ளை | 12 மே, இரவு 9.21

கணக்கில் 80, சுகாதாரத்தில் 40. இரண்டையும் கூட்டி 60 என்று சொல்ல மாட்டேன். சராசரி 60 மார்க் வாங்கிய ஊரில் யாரும் குடியிருப்பதில்லை.

மலைத்தேன் | 13 மே, மாலை 6.40

இன்று முதல் கட்டம். காலாஹண்டி, கோராபுட், நவரங்பூர் எல்லாம் ஓட்டுப் போடுகிற நாள். அதனால் அந்தப் பக்கத்துக் கதையைச் சொல்கிறேன்.

2006 ஜனவரி 2. கலிங்கநகரில் எஃகு ஆலைக்குச் சுற்றுச்சுவர் எழுப்புவதை எதிர்த்த ஆதிவாசிகள் மீது துப்பாக்கிச் சூடு. 13 ஆதிவாசிகளும் ஒரு போலீஸ்காரரும் செத்தார்கள். முதல்வர் இதே நவீன். 2005-ல் போஸ்கோவோடு ஒப்பந்தம், 52,000 கோடி, வெற்றிலைக்கொடிக்கால் வைத்திருந்தவர்களிடம் நிலத்தைப் பிடுங்க எத்தனை வருஷம் போலீஸ். கடைசியில் 2017-ல் கொரியாக்காரனே வேண்டாமென்று போய்விட்டான்.

நியம்கிரி மலைக் கதையை நம் ஆட்கள் பாதிதான் சொல்வார்கள். 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேள் என்றது, 12 ஊரும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, அந்த மலை ஆதிவாசிகளான டோங்ரியா கோண்டுகள் ஜெயித்தார்கள். சரி. அந்த வழக்கில் மலையைத் தோண்ட அனுமதி கேட்டு நீதிமன்றம் போனது யார்? ஒடிசா அரசின் சொந்த சுரங்கக் கழகம். மலையைச் சுற்றி நூற்றுக்கு மேல் ஊர் இருக்க, வெறும் 12 ஊரைப் பொறுக்கியெடுத்ததும் மாநில அரசுதான். அந்த 12-லும் தோற்றார்கள்.

"புயலில் மக்களைக் காப்பாற்றிய அரசு" என்று பாரதீப் ஐயா சொல்வதை நான் குறைத்துச் சொல்லவில்லை. கடற்கரை ஒடிசாவுக்கு அது பெற்ற தாய். மலை ஒடிசாவுக்கு அதே அரசு வேறு முகம் காட்டியது. ஒரே தராசில் வைக்கும்போது எந்தத் தட்டில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

பாரதீப்_மாமா | 13 மே, இரவு 7.55

கலிங்கநகர் நடந்தது. மறைக்கவோ நியாயப்படுத்தவோ மாட்டேன்.

கஞ்சாம்_சின்னம்மா | 14 மே, காலை 10.10

பெண்கள் ஓட்டுப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே, ஆச்சரியமாக இருக்கிறது. நான் கஞ்சாம் மாவட்டத்தில் ஆறு வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். வேலை முழுக்க சுய உதவிக் குழுக்களோடு.

மிஷன் சக்தி தொடங்கியது 2001 மார்ச் 8. இன்று 70 லட்சம் பெண்கள், 6 லட்சம் குழுக்கள். எண்ணிக்கையை விடுங்கள், நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். முதலில் அந்தக் குழுக்கள் நம் ஊர் மகளிர் குழு மாதிரிதான்: வாரம் 10 ரூபாய், அப்பளம், ஊறுகாய். பிறகு அரசு தன் வேலைகளையே குழுக்களுக்குத் திருப்பியது. மதிய உணவு, மின்கட்டணம் வசூல், நெல் கொள்முதல், பள்ளிச் சீருடை தையல். மண்டியில் ஆண்கள் மட்டும் நின்ற இடத்தில் ஒரு பெண் ரிஜிஸ்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு முன்னால் வாக்குவாதம் செய்ய அவள் கணவனின் அண்ணனே தயங்குவான். அந்தத் தயக்கத்தை எந்தப் புள்ளிவிவரத்தில் எழுதுவீர்கள்?

2019-ல் மக்களவைக்கு 21 இடத்தில் 7 பெண்களை நிறுத்தினார், 5 பேர் ஜெயித்தார்கள். நம் ஊரில் இவ்வளவு பெண்ணுரிமை பேசுகிற கட்சிகள் செய்ததா?

ஆனால் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கஞ்சாம் பெண்களில் எத்தனை பேர் கணவர்கள் ஊரில் இருந்தார்கள் தெரியுமா? ரொம்பக் குறைவு. எல்லோரும் சூரத்தில், தறியில். நவீன் நிற்கிற ஹிஞ்சிலி தொகுதி அதே கஞ்சாமில்தான். முதல்வரின் சொந்தத் தொகுதி ஆண்பிள்ளைகள் 24 வருஷமாகக் குஜராத்தில் தறி ஓட்டுகிறார்கள். குழுத் தலைவி ஆனது பெருமைதான். வீட்டில் வேறு யாரும் இல்லாததால்தான் பலர் தலைவி ஆனார்கள்.

திருப்பூர்_நூல் | 14 மே, இரவு 10.48

அக்கா சொன்னது சரி. நான் திருப்பூரில் சின்ன யூனிட் வைத்திருக்கேன். பத்து வருஷம் முன்னே பீகார்ப் பசங்க, இப்ப ஒடியாப் பசங்கதான் அதிகம். அரசே பயிற்சி கொடுத்து பஸ் ஏத்தி அனுப்புது, முக்கால்வாசி பொண்ணுங்க. சர்ட்டிபிகேட்டோட வருவாங்க. ஆறு மாசத்துல பாதிப் பேர் ஊருக்குத் திரும்பிடுவாங்க, அது வேற கதை.

எனக்கு லாபந்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனா ஒரு அரசாங்கம் "இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தோம்"னு சொல்றப்ப அந்த வேலை என் ஊர்ல இருக்குங்கறதை யாரும் சொல்றதில்லை. போன வருஷம் ஜூன் 2, கோரமண்டல் பாலசோர்ல மோதினப்ப 296 பேர் செத்தாங்க. சென்னை வர்ற வண்டி அது. ஒரு வாரம் என் யூனிட்ல ஒருத்தன் போன் கீழ வைக்கல.

புவனேஸ்வர்வாசி | 15 மே, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், யாரும் அடிக்க வராதீர்கள்.

இந்த ஆட்சி நெருக்கடி நேரத்தில் மிக நன்றாக வேலை செய்கிறது. புயல், கோவிட் முதல் அலை, திவாலான கஜானா. மேலிருந்து ஒரு உத்தரவு, கீழே ஒரு கலெக்டர், நாலு நாளில் முடிகிற வேலை என்றால் ஒடிசாவை மிஞ்ச ஆளில்லை. தினமும் செய்ய வேண்டிய, யாரும் படம் எடுக்காத வேலையில்தான் கோட்டை விடுகிறது. காலாஹண்டியில் 2016-ல் மனைவியின் உடலைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் 10 கிலோமீட்டர் நடந்தாரே, அது புயல் நாளல்ல. சாதாரண ஆகஸ்ட் மாத நாள்.

இது தற்செயல் இல்லை என்பது என் எண்ணம். அதிகாரிகளை வைத்து ஆட்சி நடத்தினால் இப்படித்தான் ஆகும். முதலில் பியாரிமோகன் மகாபாத்ரா, முன்னாள் ஐஏஎஸ். 2012-ல் நவீன் லண்டனில் இருந்தபோது நாற்காலியைப் பிடிக்கப் பார்த்தார் என்று வெளியேற்றப்பட்டார். அடுத்து பாண்டியன். நடுவில் எத்தனை அமைச்சர்கள், அவர்களில் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா? இங்கே குடியிருக்கிற எனக்கே மூன்றுதான் வரும். புகார் எழுந்தால் அமைச்சர் போவார், முதல்வர் மேல் தூசி படாது. 24 வருஷம் ஜெயித்த ரகசியம் அதுதான். கட்சிக்குள் இரண்டாவது ஆள் வளராததற்கும் காரணம் அதேதான்.

எதிர்த்தரப்புக்கு வருகிறேன். போன மார்ச் மாதம்வரை பாஜகவும் நவீனின் பிஜு ஜனதா தளமும் கூட்டணிக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். மார்ச் 22-ல் முறிந்தது. முறியாமல் இருந்திருந்தால் இன்று நெல்லுக்கு 3,100 தருகிறோம், பெண்களுக்கு 50,000 ரூபாய் சுபத்ரா வவுச்சர் தருகிறோம், இந்த ஆட்சி நாசம் பண்ணிவிட்டது என்று பேசுகிறவர்கள், அதே மேடையில் கைகோத்து நின்றிருப்பார்கள். 2000 முதல் 2009 வரை இவர்களும் சேர்ந்துதானே ஆண்டார்கள்? கலிங்கநகர் துப்பாக்கிச் சூட்டின்போது கூட்டணி அரசு. 2008-ல் கிறிஸ்தவர்களுக்கு எதிராக நடந்த கந்தமால் கலவரத்துக்குப் பிறகுதான் நவீன் வெட்டிவிட்டார். 24 வருஷக் கணக்கில் ஒன்பது வருஷம் அவர்கள் பேரிலும் எழுத வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தும் எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை.

மலைத்தேன் | 16 மே, காலை 8.05

கூட்டணி முறிந்தது கொள்கைக்காக என்று நினைக்காமல் இருந்தீர்களே, அதுவரைக்கும் சந்தோஷம் தோழர். 370 நீக்கத்துக்கு மாநிலங்களவையில் யார் கை தூக்கினார்கள் என்றும் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை | 16 மே, பகல் 1.15

நெல் பற்றி ஒன்று. மேற்கு ஒடிசாவில் பர்கட் பக்கத்து விவசாயிகளிடம் பேசினால் 'கட்னி சட்னி' என்ற வார்த்தை காதில் விழாமல் இருக்காது. மண்டியில் ஈரம், பதர் என்று சொல்லி மூட்டைக்கு இத்தனை கிலோ கழிப்பார்கள். விவசாயிகளுக்கான கலியா உதவித் திட்டத்தில் கையில் பணம் கொடுத்த அரசால் அந்தக் கழிவை நிறுத்த முடியவில்லை. ஏன் முடியவில்லை? கழிப்பவன் உள்ளூர்க் கட்சிக்காரனுக்கு வேண்டியவன். புவனேஸ்வர்வாசி சொன்ன 'தினசரி வேலை' இதுதான்.

மேலூர்_மைனர் | 21 மே, காலை 9.02

பாத்தீங்களா! நேத்து மோடி பேசினதை பாத்தீங்களா! பூரி ஜகந்நாதர் கோவில் ரத்ன பண்டார (நகைப் பொக்கிஷ அறை) சாவி தமிழ்நாட்டுக்குப் போயிடுச்சாம்! நம்மள திருடன்னு சொல்றாங்க! இப்பவும் பாண்டியனைத் தள்ளி வைக்கணுமா?

பாரதீப்_மாமா | 21 மே, காலை 9.40

கேட்டேன். 28 வருஷம் அந்த மண்ணில் இருந்தேன், ஒருத்தரும் என்னை அந்நியன் என்று சொன்னதில்லை. மனசு கனத்துப்போனது.

மட்டுறுத்துநர் | 21 மே, காலை 10.30

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். வடக்கன், ஒடியாக்காரன் என்று இனத்தைத் திட்டினால் இழை பூட்டப்படும். பேச்சைக் கண்டியுங்கள், மக்களை விடுங்கள்.

புவனேஸ்வர்வாசி | 21 மே, இரவு 10.20

சரி, பேசியே ஆக வேண்டும் போலிருக்கிறது.

சாவி விவகாரம் நிஜம். 2018-ல் உள்அறைச் சாவி காணவில்லை என்று வெளியே வந்தது. கொஞ்ச நாளில் டூப்ளிகேட் சாவி கிடைத்ததாகச் சொன்னார்கள். நீதிபதி ரகுபீர் தாஷ் ஆணையம் அறிக்கை கொடுத்து அஞ்சு வருஷத்துக்கு மேல் ஆகிறது, அரசு வெளியிடவே இல்லை. கடைசியாக நகைக் கணக்கு எடுத்தது 1978-ல். எனக்குத் தெரிந்த எந்த ஒடியாக் குடும்பத்திலும் இதில் கட்சி பேதம் கிடையாது. ஜகந்நாதர் அவர்களுக்கு வீட்டுப் பெரியவர் மாதிரி. அறிக்கையை ஏன் மறைத்தாய் என்று அரசைக் கேட்க முழு நியாயம் இருந்தது. அந்த நியாயமான கேள்வியைத் தமிழன் மேல் பழியாக மாற்றியதில் இப்போது அந்த அறிக்கை பற்றியே யாரும் கேட்கவில்லை.

(அதே நாளில் பூரி வேட்பாளர் சம்பித் பாத்ரா, ஜகந்நாதரே மோடியின் பக்தர் என்று வாய்தவறி, பிராயச்சித்தமாக உபவாசம் இருக்கப்போவதாக அறிவித்தார். எங்கள் ஆபீஸில் இன்று முழுக்க அதுதான் சிரிப்பு.)

பாண்டியன்: 2000 பேட்ச் ஐஏஎஸ், கஞ்சாம் கலெக்டராக நல்ல பேர் வாங்கியவர், 2011 முதல் முதல்வரின் தனிச் செயலாளர். போன அக்டோபரில் ராஜினாமா, நவம்பர் 27-ல் கட்சியில். அதற்கு முன்னாலேயே, அதிகாரியாக இருந்தபோதே, ஹெலிகாப்டரில் மாவட்டம் மாவட்டமாகப் போய் மனு வாங்கினார். மைனர் தம்பி, ஒன்று கேட்கிறேன். நம் ஊரில் ஒரு பீகார் ஐஏஎஸ் அதிகாரி, தேர்தலில் நிற்காமல், எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் ஓரமாக நிற்கவைத்து, ஹெலிகாப்டரில் வந்து குறைதீர்ப்பு நடத்தினால் நீ என்ன எழுதுவாய்? அவன் சாதி, ஊர், பாஷை எல்லாவற்றையும் நோண்டியிருப்போம். அவர் தமிழர் என்பதால் நான் வெறுக்கவும் மாட்டேன், தூக்கிவைக்கவும் மாட்டேன்.

என் சக ஊழியர் ஒருவர் காலையில் டீ கொடுத்துவிட்டு, "சாவி உங்க வீட்ல இருக்கா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது சிரிக்க முடியவில்லை.

மேலூர்_மைனர் | 21 மே, இரவு 11.10

சரிண்ணே. நீங்க அங்க இருக்கீங்க, உங்களுக்குத்தான் தெரியும். பத்திரமா இருங்க.

கஞ்சாம்_சின்னம்மா | 22 மே, காலை 7.30

இன்னொரு வேடிக்கை. 24 வருஷம் ஒடியா சரளமாகப் பேசாமலே ஆண்டவரை "எங்கள் நவீன் பாபு" என்று கொண்டாடிய ஜனங்கள்தான் இவர்கள். பாஷை அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்ததே இல்லை. அப்பா பிஜு பாபு மேல் இருந்த பாசம் மகனை மன்னித்தது. அந்தப் பாசத்தைப் பாண்டியனுக்கு எழுதிக்கொடுக்க முடியாது, அதைத்தான் ஆளுங்கட்சி புரிந்துகொள்ளவில்லை.

புவனேஸ்வர்வாசி | 26 மே, மாலை 5.15

நேற்று ஓட்டுப் போட்டுவிட்டேன். காலை ஏழு மணிக்கே போய் நின்றும் ஒரு மணி நேரம் ஆனது. யாருக்கு என்று கேட்காதீர்கள். வாசலைத் தாண்டும்வரை ஒன்று, மறைப்புக்குள் போனபின் ஒன்று.

எங்கள் அடுக்ககக் காவலாளி பலாங்கீர் மாவட்டம், காண்டாபாஞ்சிப் பக்கம். இந்த முறை நவீன் ஹிஞ்சிலியோடு சேர்த்து நிற்கும் இரண்டாவது தொகுதி அதுதான். இவர் லீவு போட்டு 20-ஆம் தேதி ஓட்டுப் போட்டுவிட்டு நேற்று முன்தினம் திரும்பினார். காண்டாபாஞ்சி ரயில் நிலையம் தெரியாதவர்களுக்கு: நுவாகாய் பண்டிகை முடிந்ததும் சர்தார்கள் (ஆள்பிடிக்கும் தரகர்கள்) ஊரில் முன்பணம் கொடுப்பார்கள், அக்டோபர், நவம்பரில் குடும்பம் குடும்பமாக அந்த ஸ்டேஷனில் ரயிலேறி தெலங்கானா, ஆந்திரா, நம் திருவள்ளூர் செங்கல் சூளைகளுக்குப் போவார்கள். திரும்புவது ஜூன் மழைக்கு.

ஊர் எப்படி இருந்தது என்று கேட்டேன். ரோடு போட்டிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடித்து ஸ்மார்ட் வகுப்பு வைத்திருக்கிறார்கள், அரிசி வருகிறது, அம்மாவுக்கு அரசு மருத்துவ அட்டையில் ஆபரேஷன் இலவசமாக நடந்தது என்றார். ஒன்றையும் மறைக்கவில்லை. யார் ஜெயிப்பார்கள் என்றேன். "பாதி ஊர் பூட்டிக் கிடக்கு பாபு. என் அண்ணன், அண்ணி, பிள்ளைங்க எல்லாம் இன்னும் சூளையில. மே மாசம் ஓட்டு வெச்சா யார் போடுவா?" என்றார்.

திருப்பூர், உங்க பசங்க யாராவது ஓட்டுப் போடப் போனாங்களா?

திருப்பூர்_நூல் | 26 மே, இரவு 10.31

11 பேர் இருக்காங்க. ரெண்டு பேர் போனாங்க, ஒருத்தன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனவன், அப்படியே ஓட்டும் போட்டுட்டான். கடைசிக் கட்டம் ஜூன் 1, பத்ரக்காரன் ஒருத்தன் இன்னிக்கு வந்து கேட்டான். ஒரு வாரம் லீவு கொடுத்திருக்கேன். ரிசர்வேஷன் கிடைக்கல. சென்னை போய் கோரமண்டல்ல அன்ரிசர்வ்டுல ஏறிக்கிறேங்கறான்.